தூரத்துத் தண்ணீர்

பஞ்சவர்ணம் தன் சித்தி மகள் வளைகாப்புக்காகப் பரமக்குடிக்குப் பஸ் ஏறிய அன்று, மூன்று வருஷமாக வெடித்துக் கிடந்த மாவிலங்கேந்தல் ஊருணியில், மேலே ஒரு பொட்டு மேகம் இல்லாமல், கீழே ஒரு ஊற்றுக்கண் திறக்காமல், அடிப்படி நனைந்து, அதற்கடுத்த படியும் நனைந்து, தெளிந்த தண்ணீர் ஏறி நின்றது; மறுநாள் சாயங்காலம் அவள் மஞ்சள் பையும் தலைநிறையப் பூவுமாகத் திரும்பி வந்து இறங்கியபோது அந்தத் தண்ணீர் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தது. நடந்தது இதுதான். ஏன் நடந்தது என்று கேட்கிறவர்கள் ஊருணியைத்தான் கேட்க வேண்டும், அது இன்றுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை.

ஊருணிக்கு மொத்தம் இருபத்தேழு படி. கீழிருந்து மேலாகத்தான் எண்ணுவார்கள், மேலிருந்து எண்ணுகிற பாக்கியம் அந்த ஊரில் யாருக்கும் வாய்க்கவில்லை. முதுகுளத்தூருக்குத் தெற்கே கிடக்கிற அந்தச் சீமையில் பெண் கேட்டுப் போனால், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், குடிப்பாரா, கோபக்காரரா என்றெல்லாம் விசாரிக்கமாட்டார்கள்; தண்ணிக்கு எத்தனை மைல் நடக்கணும் என்று ஒரே கேள்விதான். மாவிலங்கேந்தல் என்ற பேரைச் சொன்னதும் காப்பியைக்கூட ஆறவிடாமல் வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார்கள். அப்படி முப்பது வயசு தாண்டிய ஆண்பிள்ளைகள் பத்தொன்பது பேர் மீசையை முறுக்கிக்கொண்டு ஊரில் திரிந்தார்கள். பெண்கள் விடிந்ததும் குடமும் சிரட்டையுமாகக் குண்டாற்று மணலுக்குப் போய், ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டை சிரட்டையாக அள்ளி, வெயில் ஏறுமுன்னே ஆளுக்கு ரெண்டு குடம் சுமந்து வருவார்கள். மனுக் கொடுத்த இடமெல்லாம் தண்ணி காட்டினார்களே தவிர யாரும் தண்ணி கொடுக்கவில்லை.

அந்த ஊருக்குத்தான் பஞ்சவர்ணத்தின் புருஷன் சாத்தையா பஞ்சாயத்துத் தலைவர். சும்மா சொல்லக் கூடாது, ஊர்க் காரியம் என்றால் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்து போகிற மனுஷன். ஒரு குறை உண்டு என்றால், தலைவரே என்று யாராவது கூப்பிட்டால் அவன் முதுகு தானாக ஒரு விரற்கடை நிமிரும். அது அவனுக்கே தெரியாது, பஞ்சவர்ணத்துக்குத் தெரியும், தெரிந்து சிரிப்பாள். அவள் அவனுக்கு மாமன் மகள், மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊர் நாலு விதமாகப் பேசிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது, ஏனென்றால் இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிள்ளையாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கருவேலங்காட்டுக்கு விறகுக்குப் போய் வந்தால் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள், அவன் ஊக்கால் முள் எடுப்பான். முள் குத்தாத நாளிலும் நீட்டுகிறாள் என்று தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். உண்மைதான், நீட்டத்தான் செய்தாள்.

அவள் ஊரில் இல்லாத நாட்களில் வீடு அவனுக்குக் கடித்துத் தின்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் அடுத்த தடவை அவள் கண் டாக்டரைப் பார்க்க மானாமதுரைக்குப் போன அன்று அவன் வறண்ட ஊருணியின் மூன்றாம் படியில் போய் உட்கார்ந்திருந்தான், அதனால்தான் அவள் போவதற்கும் தண்ணீர் ஏறுவதற்கும் உள்ள கணக்கு அவன் ஒருத்தன் கண்ணில் பட்டது. போனில் அவள், மச்சான் பரமக்குடி வந்துட்டேன் என்றாள். அவன் உள்ளங்கால் நனைந்தது. மச்சான் பார்த்திபனூர் தாண்டிட்டேன் என்றாள், கணுக்கால் நனைந்தது. அவன் ஒரு படி ஏறி உட்கார்ந்தான், தண்ணீரும் ஏறி வந்தது. சாயங்காலம் அவள் திரும்புகிற பஸ்ஸில் இருந்து ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்ல, தண்ணீர் ஒவ்வொரு படியாக விட்டுக்கொடுத்துக் கீழே போனது. கடைசியில் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தபோது ஊருணியில் ஒரு குருவி குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்டாட்டி வருகிறாள் என்ற சந்தோஷமும், தண்ணீர் போகிறதே என்ற வயிற்றெரிச்சலும் அவனுக்கு ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் வந்தன. எழுந்து போய் அவள் பையை வாங்கிக்கொண்டான்.

பதினோரு நாள் அவன் வாயைக் கட்டினான். பதினோராம் நாள் வீரம்மாள் மகள் மாரிக்கண்ணு, ஏழு மாசக் கர்ப்பிணி, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், அம்மாவுக்கு உதவியாகக் குண்டாற்றுக்குப் போன இடத்தில் ஊற்றுக்குழி சரிந்து இடுப்புவரை மணலில் புதைந்தாள். அவளைத் தூக்கிவிட்டார்கள், வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் கிராமசபை. சாத்தையா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று, குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"வர்ணம் ஊர்ல இல்லேன்னா ஊருணிக்குத் தண்ணி வருது. எவ்வளவு தூரம் போறாளோ அவ்வளவு ஏறுது."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் நம்பாமலும் இல்லை. மூன்று வருஷம் நாக்கு வறண்டவர்கள் எதைத்தான் நம்பமாட்டார்கள். வீரம்மாள் மட்டும் எழுந்து கேட்டாள்.

"எத்தன நாளாத் தெரியும் தலைவரே?"

"பதினோரு நாளா."

வீரம்மாள் அவனைத் திட்டவில்லை, மண்ணள்ளித் தூற்றவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும் என்று சாத்தையா பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டான்.

வீட்டில் பஞ்சவர்ணம் கேட்டது வேறு. "ஊருக்குச் சொன்னீகளே மச்சான், எங்கிட்டச் சொல்லலையே" என்றாள். "சரி விடுங்க. மதுரைக்குப் போனா எத்தன படி ஏறும், அதச் சொல்லுங்க" என்று அவளே சிரித்துவிட்டாள். அப்போது அது அவளுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

ஊர் அதை எப்படித் தன்வசமாக்கிக்கொண்டது என்று பாருங்கள். முதல் வாரம் பயந்து பயந்து குடித்தார்கள், ரெண்டாம் வாரம் துணி துவைத்தார்கள், மூன்றாம் வாரம் படி கணக்கில் சண்டை போட்டார்கள். பஞ்சாயத்து கிளார்க் அருளானந்து, எதையும் எழுதி வைக்காவிட்டால் சாப்பாடு இறங்காத மனுஷன், வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு இறங்கிப் படிப்படியாக ஊர்ப் பெயர்களை எழுதிவிட்டார்: ரெண்டாம் படிக்குப் பரமக்குடி, மூன்றாம் படிக்குப் பார்த்திபனூர், நாலாம் படிக்கு மானாமதுரை, ஏழாம் படிக்கு மதுரை. அதிலிருந்து ஊரில் யாரும் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை, தண்ணி எந்த ஊருல நிக்குது என்றுதான் கேட்டார்கள். பிள்ளைகள் பார்த்திபனூரில் கால் நனைத்து மானாமதுரையில் முகம் கழுவின.

பெண்டாட்டி எதுக்குப் போகணும், நான் போறேன் என்று சாத்தையாவும் கிளம்பிப் பார்த்தான். அவன் மதுரைக்குப் போனதும் தண்ணீர் ஏழாம் படிக்கு ஏறத்தான் செய்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டது. அவள் போனால் வருவது இளநீர் மாதிரி இருந்தது. ஆகக்கூடி போக வேண்டியது அவள்தான் என்று ஊருணியே தீர்த்துவிட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து எங்காவது போய்விடலாமே என்றால், சேர்ந்திருந்தால் எந்த ஊரில் சேர்ந்திருந்தாலும் மாவிலங்கேந்தலில் வறட்சிதான். அதையும் ஒரு தடவை பழநிக்குப் போய்ப் பார்த்துவிட்டார்கள், ரெண்டாம் நாளே அருளானந்து போன் போட்டுவிட்டார்.

அப்புறம் பஞ்சவர்ணத்துக்கு ஊரெல்லாம் சொந்தம் முளைத்தது. எங்க சின்னம்மா திருப்பூர்ல இருக்கு, பத்து நாள் தாராளமா இருக்கலாம் என்று ஒருத்தர். எங்க கொழுந்தியா வீடு ஓசூர்ல இருக்கு, மாடி வீடு என்று இன்னொருத்தர். கருவாடும் அதிரசமும் கட்டிக் கொடுத்தார்கள், பையை ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள், பஸ்ஸுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். மாசத்துக்கு ஒருநாள் அவள் வருவாள். அந்த நாளுக்கு முன்னால் ஊரே அண்டா, குண்டான், சிமெண்டுத் தொட்டி, பிள்ளை குளிக்கிற பேசின் உட்பட எல்லாவற்றையும் நிரப்பி மூடிவைக்கும். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் தெருவில் ஒரு கதவு திறந்திருக்காது. யாருக்கும் அவள்மேல் பகை இல்லை, எல்லாருக்கும் அவள்மேல் பாசம்தான், ஆனால் அது அவள் முதுகைப் பார்த்துவிட்ட பாசம். வரவேற்க அவன் ஒருத்தன் நிற்பான். அந்த ஒரு நாளில் அவள் வைக்கிற குழம்புக்கும் அவன் எடுக்கிற முள்ளுக்கும் இடையில் பக்கத்து வீட்டில் காலிக் குடம் ஒன்று தரையில் உருளுகிற சத்தம் கேட்டால் போதும், ரெண்டு பேரும் களவாணிகள் மாதிரிக் கையை எடுத்துக்கொள்வார்கள்.

ஆனாலும் யாரைக் குத்தம் சொல்ல? அந்த வருஷம் ஊரில் ஆறு கல்யாணம் நடந்தது. மீசை முறுக்கியவர்கள் வரிசையாக மாலை போட்டுக்கொண்டார்கள். மாரிக்கண்ணு மறுபடியும் உண்டாகி, புருஷனோடு தாய்வீட்டுப் பக்கமே குடிவந்து, ஆண்பிள்ளை பெற்று, அதன் தலையில் ஊருணித் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டினாள். பிள்ளைக்கு அம்மை போட்ட வடு இல்லை, சொறி இல்லை. சாத்தையா அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இறக்கிவிடாமல் இருந்தான். பஞ்சவர்ணத்தைப் பெற்ற ஆத்தா மட்டும் மானாமதுரைச் சந்தையில் அவனைப் பார்த்து, "தனக்குப் போகத்தான்டா தானமும் தர்மமும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் போகத் தொடங்கி நாலாம் வருஷமும் மழை ஏமாற்றியது. சுற்றுப்பட்டு எட்டு ஊர்க்காரர்கள் குடத்தோடு வந்து நின்றார்கள், தாகத்துக்கு வந்தவர்களை இல்லை என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் மாவிலங்கேந்தலில் இல்லை. பஞ்சவர்ணம் சென்னையில் இருந்தாள், தண்ணீர் பதினாலாம் படியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, பதிமூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று களிமண் பூசிப் பார்த்தார்கள். கடைசியில் அருளானந்துதான் தன் நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தார். ஒருதடவை காய்ச்சலோடு பஸ் ஏறியபோது பஞ்சவர்ணம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தாள், அந்த மாசம் முழுக்கத் தண்ணீர் ஒரு விரல் குறையவில்லை. மற்ற தடவையெல்லாம் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்து, போயிட்டு வர்றேன் என்று சொல்லியிருந்தாள். அந்த 'வர்றேன்' வழியாகத்தான் தண்ணீர் ஒழுகுகிறது என்று அருளானந்து சொன்னார், அதில் ஊருக்கும் சந்தேகமில்லை.

நம் ஆட்கள் எவராவது போறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்களா? பக்கத்துக் கடைக்குப் பீடி வாங்கப் போகிறவன் போயிட்டு வர்றேன் என்பான், ஜெயிலுக்குப் போகிறவன் போயிட்டு வர்றேன் என்பான், கோபித்துக்கொண்டு கிணற்றில் விழப் போகிறவன்கூட அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவான். அந்தச் சொல்லை ஒருத்தியின் வாயிலிருந்து எடுக்க வேண்டும் என்று மாவிலங்கேந்தல் கிராமசபை கூடியது. அருளானந்து எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பஞ்சாயத்துத் தமிழில் வாசித்தார்: "பொருள் நான்கு. தலைவர் அவர்களின் துணைவியார் ஊரைவிட்டுப் புறப்படும் காலங்களில் 'போயிட்டு வர்றேன்' என்று கூறுவதைத் தவிர்ப்பது எனவும், தலைவர் அவர்கள் 'போயிட்டு வா' என்று வழியனுப்புவதைத் தவிர்ப்பது எனவும், தூரம் போதாமையால் கடல்கடந்த ஊர் ஒன்றைத் தேர்வு செய்வது எனவும் மன்றம் தீர்மானிக்கிறது."

வீரம்மாளின் அக்கா மகள் மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள், அங்கே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. சபையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் எழுந்தாள். அன்றைக்கு அவள் வந்திருந்ததால் ஊருணி வறண்டு கிடந்தது, எல்லார் வீட்டிலும் அண்டா பாதி.

"போறதுக்கு நான் மாட்டேங்கல" என்றாள். "நாலு வருசமாப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். சொல்றதச் சொல்லக் கூடாதுங்கறீக, அதுவும் சரி, எம் வாய நான் மூடிக்கிறேன். ஆனா எம் மச்சான் வாய மூட நீங்க யாரு? அத அவரு சொல்லட்டும். போக வேண்டாம்னு அவரு சொன்னா நான் இங்கனயே கெடந்து தாகத்துல சாகவும் தயாரு."

சபை முழுக்க அவனைப் பார்த்தது. எதிரே வீரம்மாள், அவள் மடியில் பேரன், பேரன் கையில் ஒரு டம்ளர். எட்டு ஊர்க்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "தலைவரே" என்று அருளானந்து பேனாவை நீட்டினார். சாத்தையாவின் முதுகு நிமிர்ந்தது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள், இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான்.

அவள் கிளம்பிய நாள் காலை பத்து மணி பஸ். ஊரே நின்றது, குலவை இல்லை, தேங்காய் இல்லை, எல்லாருக்கும் அவரவர் காலைப் பார்க்கத்தான் முடிந்தது. பஞ்சவர்ணம் பையை உள்ளே வைத்துவிட்டுப் படிக்கட்டில் நின்று அவனைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் அவன் சொல்லுவான் என்று நின்றாள். தீர்மானமாவது கழுதையாவது, ரெண்டே வார்த்தை, அதை மட்டும் இந்த மனுஷன் எனக்காகச் சொல்லிவிடுவான், ஒரு படித் தண்ணீரை எனக்காக ஒழுகவிடுவான் என்று அவள் முகம் முழுக்க எழுதியிருந்தது. டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்தார். அப்புறம் சாத்தையா சொன்னான்.

"போ."

அவள் உள்ளே போய் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் பிற்பகல் ஊருணியில் தண்ணீர் இருபத்திரண்டாம் படிக்கு ஏறி, ஒரு விரல் இறங்காமல் நின்றது.

அப்புறம் மூன்று வருஷம். ஆரம்பத்தில் தினமும் போன் பேசினார்கள். பேசும்போது அவள் குரல் உருகினால் தண்ணீர் ரெண்டு விரல் குறைந்தது, ஊர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அருளானந்து நோட்டில் எழுதினார். அவனே வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்று ஆக்கினான், பிறகு மாசத்துக்கு ஒன்று, அதிலும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அவன் தினமும் காலையில் பல் விளக்கியதும் ஊருணிக்குப் போய் இருபத்திரண்டாம் படியைப் பார்ப்பான். மற்றவர்களுக்கு அது தண்ணீர், அவனுக்குக் கடிதம். அரைப் படி ஏறியிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் அவளை வேறு ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பழையபடி வந்தால், திரும்பிவிட்டாள். விடியற்காலை தண்ணீர் லேசாக நடுங்கினால் அவனை நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்று அவனாக வைத்துக்கொண்டான். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். ஊர் அவனை அடுத்த தேர்தலில் போட்டியில்லாமல் தலைவராக்கியது. அவனுக்கு அழ வேண்டும் போல இருந்தது, மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. இருபத்திரண்டிலிருந்து இருபது, இருபதிலிருந்து பதினெட்டு. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சோப்பை அப்படியே போட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். எட்டு ஊர் ஆட்களும் வந்துவிட்டார்கள். யாரும் அதட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை, வாசல் நிறைய நின்றார்கள். வீரம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். "போன் போடுங்க தலைவரே" என்று அருளானந்துதான் மெதுவாகச் சொன்னார். அவன் போட்டான்.

"வர்ணம், எங்க இருக்க?"

"ஏர்போர்ட்டுல, மச்சான்." பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். "சொல்லாம வந்து நிக்கலாம்னு பாத்தேன். பிளேனு ஏறுமுன்னயே தண்ணி சொல்லிக்குடுத்துருச்சாக்கும்."

"ம்."

"ரெண்டு மாசமா நெஞ்சு வலிக்குது மச்சான். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. இங்க காமிச்சேன், மாத்திரை குடுத்தாக. ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு வாரம் ஒங்க பக்கத்துல கெடந்தாச் சரியாப் போகும். ஒரு வாரந்தான். அண்டாவுல புடிச்சு வைக்கச் சொல்லுங்க."

அவன் வாசலைப் பார்த்தான். அத்தனை பேரும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வா என்று சொல்ல அவன் உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் துடித்தது. வீரம்மாள் இடுப்பிலிருந்த பிள்ளை தண்ணி என்று அழுதது, ஒன்றுமில்லை, நாலு வயசுப் பிள்ளைகள் எந்நேரமும் கேட்பதுதான். அவன் கண்ணுக்கு மணலில் சரிந்த குழி தெரிந்தது.

"இப்ப வர வேண்டாம் வர்ணம்" என்றான். "சித்திரை கழியட்டும். ஒரு மழை வரட்டும், நானே கூப்புடுறேன்."

 அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்.

"சரிங்க தலைவரே."

பன்னிரண்டு வருஷம் சேர்ந்திருந்து, ஏழு வருஷம் போய்ப் போய் வந்து, ஒரு நாள் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. மதியத்துக்குள் தண்ணீர் இருபத்திரண்டாம் படிக்கு வந்து, அதோடு நிற்காமல் இருபத்துமூன்றுக்கும் ஏறியது. பெண்கள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவன் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, பாயில் குப்புறப் படுத்து வாய்விட்டு அழுதான். அப்படியும் மறுபடி போன் போடவில்லை.

சித்திரை கழிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அக்னி நட்சத்திரம், ஆகாயம் கழுவித் துடைத்த மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது, காக்காய்கூட வெளியே வரவில்லை. காலை பதினோரு மணிக்கு ஊருணித் தண்ணீர் இருபத்துநாலாம் படி ஏறியது. அங்கே நிற்கவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு, பிறந்ததிலிருந்து யாரும் நனைந்து பார்த்திராத இருபத்தேழாம் படி. அதையும் தாண்டிக் கரைமேல் வழிந்து, ஊருணியைச் சுற்றிய சுவரில் மழைநீர் உள்ளே வர விட்டிருந்த துளைகள் வழியாகப் பீறிட்டு, தெருவுக்குள் புகுந்து, கோழிகளை விரட்டி, ஆட்டுத் தொழுவத்தை நனைத்து, தரிசு நிலம்வரை ஓடியது. ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கிழவர்கள் தெருவில் உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் அள்ளி ஊற்றிக்கொண்டார்கள், பெண்கள் தொண்டை கட்டும்வரை குலவை போட்டார்கள், கொட்டுக்காரர்கள் சாமி புறப்பாட்டுக்கு அடிக்கிற அடியை அடித்தார்கள். இன்றுவரை அந்தத் தண்ணீர் ஒரு விரல் இறங்கவில்லை, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அப்படியேதான் வழிந்துகொண்டிருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அருளானந்து முழங்கால் தண்ணீரில் மாலையோடு ஓடிவந்து தலைவர் கழுத்தில் போட்டார். "என்ன தலைவரே இது, நம்மகிட்ட இருக்கிற படியே பத்தல. அக்காவ அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாகளா?" என்று மூச்சிரைக்கச் சிரித்தார்.

சாத்தையா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தூரத்தைப் படிக்கத் தெரியும், மூன்று வருஷமாக அதைத்தானே படித்தான். அமெரிக்கா என்றால் ஒரு கரையில் நிற்கும், எந்த ஊர் என்றாலும் ஏதாவது ஒரு படியில் நிற்கும், நிற்காத தூரம் ஒன்றுதான் உண்டு.

அவன் மாலையையும் சட்டையையும் கழற்றிச் சுற்றுச்சுவர்மேல் போட்டான். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குடிதண்ணீர் என்று ஒருத்தரும் முங்கிக் குளிக்காத ஊருணிக்குள் வேட்டியோடு இறங்கினான். யாரோ, தலைவரே தலைவரே என்று கூப்பிட்டார்கள், அவன் முதுகு அசையவில்லை. மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி, வீரம்மாள் எதிரில் வந்து ரெண்டு கையையும் நீட்டினான். வீரம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தன் குடத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை ஊருணியில் அமிழ்த்தி விளிம்புவரை மொண்டு, சாவு வீட்டுக்குப் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துப் போகிறவர்கள் எப்படித் தூக்குவார்களோ அப்படித் தோளில் ஏற்றி, பிணம் கிடக்காத தன் வீட்டைப் பார்த்து நடந்தான். குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. கொட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடியை மாற்றினார்கள். அருளானந்து பின்னாலேயே ஓடி, நீர்மாலைக்குப் பிடிக்கிற மாதிரித் தன் தோள்துண்டை அவன் தலைக்குமேல் விரித்துப் பிடிக்கப் பார்த்தார், ஒற்றை ஆளாகப் பிடித்ததில் துணி நிற்கவில்லை.

தெரு பாதி தாண்டும்போது, சுவர்மேல் அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் தூக்கிக்கொண்டு மாரிக்கண்ணு ஓடிவந்தாள். அதற்குள் இருந்த போன் அடித்துக்கொண்டிருந்தது, வெளிநாட்டு நம்பர். அவள் அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவனுக்கு ரெண்டு கையும் குடத்தில் இருந்தது. அவன் நிற்காமல் நடந்தான், ஊர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அது அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.